வீட்டில் பாடிப் பதிய எந்த மைக்? அறையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

மைக் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது, "பத்தாயிரத்துக்குள் நல்ல மைக் எது?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: எந்த அறையில் உட்கார்ந்து பாடப் போகிறீர்கள்? டைல்ஸ் தரை, வழுவழுப்பான சுவர், கான்கிரீட் கூரை, தலைக்கு மேல் ஃபேன், அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ். நம் வீடுகள் பலவும் இப்படித்தான். இந்த அறையில் விலை உயர்ந்த ஸ்டுடியோ மைக்கை வைத்தால் அது உங்கள் குரலை எவ்வளவு துல்லியமாகப் பதிகிறதோ, அதே துல்லியத்தோடு அறையையும் பதிந்து கையில் கொடுத்துவிடும். அப்புறம் "ஏன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது?" என்று மைக்கைத் திட்டிப் பயனில்லை.

முதல் படி: அறையைக் கேளுங்கள்

இதற்குச் செலவே இல்லை. கையிலிருக்கும் போனில் ரெக்கார்டரைத் திறந்து, பாட நினைக்கும் இடத்தில் வைத்து மூன்று பதிவு செய்யுங்கள். முதலாவது, 30 விநாடி சும்மா இருங்கள். இரண்டாவது, நான்கைந்து முறை பலமாகக் கைதட்டுங்கள். மூன்றாவது, போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரு பல்லவி பாடுங்கள். பிறகு இரண்டு அடி தள்ளி வைத்து அதையே பாடுங்கள்.

ஹெட்ஃபோனில் கேளுங்கள். சும்மா இருந்த பதிவில் ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், தெரு எல்லாம் கேட்கும். எது உங்களால் நிறுத்தக்கூடியது, எது முடியாதது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கைதட்டலில் "டப்" என்று முடிந்தால் நல்லது. "டப்-ட்ர்ர்ர்" என்று பின்னால் ஒரு சின்ன உறுமல் வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்துபோல் மோதித் திரும்புகிறது என்று பொருள். பல்லவியில், ஒரு சாண் தூரத்துக்கும் இரண்டு அடிக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அறையின் குணம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அறை மோசம்.

சரிசெய்ய ஸ்டுடியோ கட்ட வேண்டாம். முட்டை அட்டை ஒட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மெல்லிய அட்டை ஒலியை உறிஞ்சாது, தூசிதான் சேரும். ஒரு அங்குலப் பஞ்சுத் தகடுகளும் ஓரளவுக்குத்தான்: ஸகரத்தின் கூர்மையைக் குறைக்கும், குரலின் அடிப்பகுதியில் வரும் 'பூம்' ஒலியைத் தொடாது. கனம்தான் வேலை செய்யும். இலவம்பஞ்சு மெத்தை, தடித்த ரஜாய், துணி அடுக்கிய திறந்த அலமாரி எல்லாம் கைவசம் இருப்பவை. அதிலும் எங்கே வைக்கிறோம் என்பதில் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் ஒட்டுவார்கள். ஆனால் பாட்டுக்குப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் மந்தமாகக் கேட்கும் வகை. மைக் பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான். ஆகவே முதல் மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டாவது பக்கவாட்டில். காலடியில் தடித்த ஜமுக்காளம். கோரைப்பாய் மட்டும் போதாது.

அறை நடுவிலும் உட்காராதீர்கள், மூலையிலும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்வது பாதுகாப்பான தொடக்கம். இரும்பு பீரோ இருக்கும் அறையானால் ஒரு சோதனை: மந்தரத்திலிருந்து தாரம் வரை மெதுவாக ஸ்வரம் ஏற்றிப் பாடுங்கள். ஏதோ ஒரு ஸ்வரத்தில் பீரோ கதவோ அதன் மேலிருக்கும் எவர்சில்வர் டப்பாவோ 'ஜிர்' என்று கூடவே பாடும். அதைக் கண்டுபிடித்து இறக்கி வைக்காவிட்டால், பதிவில் மைக் கெட்டுவிட்டதுபோல் கேட்கும்.

இரண்டாம் படி: கண்டென்சரா, டைனமிக்கா?

டைனமிக் மைக்கில், காந்தத்துக்குள் நகரும் சிறு கம்பிச் சுருள் ஒலியை மின்சாரமாக்குகிறது. அதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை, அடிபட்டாலும் தாங்கும். மேடையில் அன்றாடம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகை. 1966-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. கண்டென்சரில் மிக மெல்லிய தகடு ஒன்று அசைந்து மின்தேக்கத்தை மாற்றுகிறது. அதனால் மூச்சின் நுணுக்கம், கமகத்தின் அசைவு, எழுத்துகளின் விளிம்பு எல்லாம் தெளிவாக வரும். அது இயங்க மின்சாரம் வேண்டும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் கேபிள் வழியே, மைக்கையும் கணினியையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி அனுப்பும் 48 வோல்ட், அதாவது ஃபேண்டம் பவர்.

"டைனமிக் அறைச் சத்தத்தை எடுக்காது" என்று எல்லாரும் சொல்வார்கள். இது பாதி உண்மை. ஒரே தூரத்தில், ஒரே திசைக் குணத்தோடு, ஒரே அளவு ஒலி வரும்படி கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) வைத்தால் இரண்டும் அறையை ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுக்கும். டைனமிக்கை நாம் உதட்டருகே வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தத் தூரத்தினுடையது. தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலி குறையாது. மைக்கைப் பற்றி ஒரே ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, முடிவு இப்படி வரும். தெருவோர வீடு, அடக்க முடியாத சத்தம், எதிரொலிக்கும் அறை, திறந்த தொண்டையில் பாடுகிற குரல் என்றால் டைனமிக். நாலைந்து விரற்கடை தூரத்தில் பாடலாம். ஃபேனை நிறுத்த முடியும், மெத்தை வைத்தாயிற்று, இரவில் தெரு அடங்கும் என்றால் கண்டென்சர். சன்னமான குரலுக்கும், கதை வாசிப்புக்கும், ஸங்கதிகள் நிறைந்த கர்நாடக சங்கீதத்துக்கும் கண்டென்சர் தரும் தெளிவு தனி. சந்தேகமாக இருந்தால் டைனமிக் பக்கம் சாய்வதே மேல். டைனமிக்கில் வரும் லேசான மந்தத்தைப் பின்னால் ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) சரிக்கட்டலாம். பதிவுக்குள் புகுந்த எதிரொலியைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு.

மூன்றாம் படி: எந்தக் கம்பி?

யுஎஸ்பி மைக்கில் எல்லாம் உள்ளேயே இருக்கும். கணினியில் சொருகினால் போதும். தனி ஆளாகப் பாடுவது, வாசிப்பது, ஆன்லைன் பாட்டு வகுப்பு இவற்றுக்குத் தாராளமாகப் போதும். வாங்கும்போது மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போய்த் தாமதமாகத் திரும்பிக் காதில் விழும், தாளம் தப்பும். யுஎஸ்பியின் குறை, இரண்டாவது மைக் சேர்க்கும் நாளில் தெரியும். மிருதங்கமோ வயலினோ கூட வந்தால் ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி மைக்கை ஓட்டுவது தலைவலி. ஒவ்வொன்றும் தன் உள்கடிகாரப்படி ஒலியைப் பதியும், இரண்டும் ஒத்துப்போகாது.

எக்ஸ்எல்ஆர் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் சேர்ந்த ஏற்பாடு, படிப்படியாக வளரக்கூடியது. மைக்கை மாற்றலாம், இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில், யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் கொண்ட டைனமிக் மைக்குகள் உண்டு: சாம்சன் கியூ2யு, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ், ஃபைஃபைன் கே688 போன்றவை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவைதான் புத்திசாலித்தனமான முதல் மைக். இன்று யுஎஸ்பியில் ஓட்டிவிட்டு, பிறகு இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதே மைக்கைச் சொருகிக்கொள்ளலாம்.

3.5 மில்லிமீட்டர் பின்னோடு வரும் மலிவு 'ஸ்டுடியோ' மைக்குகளில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பிஎம்-800 என்ற எண்ணில் பல பெயர்களோடு விற்கும் மைக் பார்க்கப் பெரிய கண்டென்சர்போல் இருக்கும். உள்ளே பெரும்பாலும் போன் ஹெட்செட்டில் இருப்பதுபோன்ற சின்ன எலக்ட்ரெட் வில்லைதான். லேப்டாப்பின் மைக் துளை தருவதோ சில வோல்ட் மட்டும். ஒலி சன்னமாக வரும். ஏற்றினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். போனில் சொருகினால் இன்னொரு சிக்கல்: போன் துளைக்கு நான்கு பகுதிகள் கொண்ட பின் (மூன்று கறுப்புக் கோடு) வேண்டும், மைக்கில் மூன்று பகுதிகள்தான் (இரண்டு கோடு) இருக்கும். போன் மைக்கைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். மைக்கை நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பதிவில் தட்டல் பெரிதாகக் கேட்காவிட்டால் நடந்தது இதுதான்.

நான்காம் படி: பெட்டியில் எதைப் படிப்பது

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் '192 கிலோஹெர்ட்ஸ்' (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) குரலுக்குத் தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். சின்ன எழுத்தில் இருப்பவற்றைத்தான் படிக்க வேண்டும்.

திசைக் குணம் கார்டியாய்டு என்று இருக்கட்டும். முன்பக்கம் நன்றாகக் கேட்டு, நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். நிறுத்த முடியாத சத்தம் இருந்தால் மைக்கின் முதுகை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். சூப்பர்கார்டியாய்டு என்றால் அதன் செவிட்டுப் புள்ளி நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்து இரு சாய்வுகளில் இருக்கும். அதற்கேற்பத் திருப்ப வேண்டும். பல திசைக் குணங்களுக்கு ஒரு குமிழ் வைத்த மைக் என்றால், பாடும் முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ப்ளூ யெட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்கும் புகார்களில் பல, குமிழ் எல்லாத் திசைக்கும் திரும்பியிருந்ததால் வருபவை.

செல்ஃப் நாய்ஸ் என்பது மைக்கின் சொந்த இரைச்சல். ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020-இல் இது 20 டெசிபல், ஏடி2035-இல் 12, ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறையில் 4. எண்ணைப் பார்த்ததும் கடைசியதற்குப் பாய வேண்டாம். ஃபேன் நிறுத்திய வீட்டு அறையே இரவில் 30 டெசிபல் சுமாருக்கு இருக்கும். அந்த இரைச்சலுக்குள் 4-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் அமுங்கிப்போகும். அந்தப் பணத்தை மெத்தைக்கும் ஸ்டாண்டுக்கும் செலவிட்டால் காதுக்குத் தெரியும்.

உணர்திறன், அதாவது ஒரு சத்தத்துக்கு மைக் தரும் மின்னளவு, டைனமிக் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 சுமார் 14 மில்லிவோல்ட் தரும், எஸ்எம்58 1.88, பாட்காஸ்ட்களில் அடிக்கடி பார்க்கும் எஸ்எம்7பி 1.12 மட்டுமே. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை தருவது 56. நான்காம் தலைமுறை 2ஐ2 தருவது 69. கெயின் போதாத இன்டர்ஃபேஸோடு எஸ்எம்7பியை வாங்கினால், குமிழைக் கடைசிவரை திருகியும் குரல் எழும்பாது. எஸ்எம்58 வாங்கினால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் 298 கிராம். போலிகள் நிறைய உலவும் மைக் அது. எடை வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: கூடவே வாங்க வேண்டியவை

கையில் பத்தாயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கும் மைக் வாங்காதீர்கள். ஏறக்குறையப் பாதி மைக்குக்கு. மீதியில் முக்காலி வைத்த தரை ஸ்டாண்டு, மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர், காதை முழுதாக மூடும் கம்பி ஹெட்ஃபோன். ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடவே கூடாது; ஒலி பத்தில் ஒரு விநாடிக்கு மேலும் தாமதமாக வரும், ஆதிதாளத்துக்கே கை தடுமாறும். மேஜையில் வைக்கும் குட்டி ஸ்டாண்டும் வேண்டாம். கீபோர்டைத் தொட்டாலும், தாளம் போட்டாலும் அந்த அதிர்வு மைக்கில் ஏறும். தொடையில் தாளம் போட்டுப் பாடுகிறவர் ஸ்டாண்டின் காலில் முழங்கால் படாமல் உட்காருவதும் முக்கியம்.

ஆறாம் படி: வைப்பதும் கெயின் போடுவதும்

முதலில் மைக்கின் வாய் எது என்று பாருங்கள். எஸ்எம்58 போன்றவற்றில் உச்சியில் பாட வேண்டும். உருளை வடிவ ஸ்டுடியோ கண்டென்சர்களில் பெரும்பாலும் முத்திரை இருக்கும் பக்கவாட்டில் பாட வேண்டும். அதன் உச்சியில் பாடினால் குரல் மூடியது மாதிரி வரும்.

கண்டென்சர் என்றால் மைக்கிலிருந்து நாலு விரற்கடையில் பாப் ஃபில்டர், அதிலிருந்து இன்னும் ஆறேழு விரற்கடையில் வாய். மொத்தம் ஏறக்குறைய ஒரு சாண். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்து வாய்ப்பக்கம் லேசாகச் சாயுங்கள். மூச்சுக் காற்று மைக்குக்குக் கீழே போய்விடும். ஸகரம் கூசினால் மைக்கைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்புங்கள். சோதிக்கத் தனி வாக்கியம் வேண்டாம், ஸரிகமபதநியே போதும்: 'ப' காற்றடிப்பைக் காட்டும், 'ஸ' கூச்சத்தைக் காட்டும். மூன்று ஸ்தாயியிலும் பாடிக் கேளுங்கள்.

கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிக்குரல் கனக்கும். வாசிப்பவருக்கு இது அழகு. பாடுகிறவருக்குத் தொல்லை: தலையை ஆட்டிப் பாடினால் ஒரு வரி கனமாகவும் அடுத்த வரி மெல்லியதாகவும் வரும். தார ஸ்தாயிக்கு ஏறும்போது அரைச் சாண் பின்வாங்கும் மேடைப் பழக்கம் இருப்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. அளவாகச் செய்தால் போதும்.

கெயினுக்கு: பாட்டிலேயே உரத்த வரியைப் பாடுங்கள். மீட்டரின் உச்சி மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்துவிட்டு, இன்னும் மூன்று டெசிபல் குறையுங்கள். உண்மையான டேக்கில், அதாவது பதிவில், எல்லாரும் ஒத்திகையைவிட உரக்கத்தான் பாடுவார்கள். 24 பிட்டில் சற்றுச் சன்னமாகப் பதிந்தாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலி உடைந்ததுதான். ஃபேண்டம் பவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு: கெயினை இறக்கு, கேபிளைச் சொருகு, பிறகு 48 வோல்ட் பொத்தான். சாதாரண டைனமிக்கை அது கெடுக்காது. மெல்லிய உலோக நாடாவால் இயங்கும் பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை.

மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ இருக்கும் லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும்) பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். ஒரு கட்டையில் பாடுகிறவரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. வெட்டு 80 ஹெர்ட்ஸில் என்றால் பஞ்சமம் தப்பிக்கும், லாரி உறுமல் குறையும். 120-இல் வெட்டினால் மந்தர பஞ்சமத்தின் அடிநாதமே மெலிந்துவிடும். ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு மந்தர பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ். 100 வரை வெட்டினாலும் கவலையில்லை.

சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிட்டுப் பாடாதீர்கள். பாடும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு டேக்கை வெட்டி ஒட்டும்போது, வெட்டிய இடத்தில் தம்பூரா நாதம் துள்ளும். அதை மறைக்கவே முடியாது. சுருதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், பிறகு தனி ட்ராக்காகச் சேருங்கள். தன் குரலைக் கேட்க ஒரு காதைத் திறந்து வைப்பவர்கள், திறந்த பக்கத்து ஒலியை மென்பொருளில் முழுதாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஹெட்ஃபோன் கோப்பையிலிருந்து கரோக்கே ட்ராக் மைக்குக்குள் கசியும்.

எங்கே கோளாறு?

'ங்ங்' என்று 50 ஹெர்ட்ஸில் ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த்திங் பிரச்சினை; சரியான எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மாற்றுங்கள், அல்லது பேட்டரியில் பதியுங்கள். சார்ஜரைக் கழற்றியும் போகாவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

காதில் குரல் தாமதமாக வந்தால், கணினிக்குள் போகாமல் குரலை நேராகக் காதுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரை இயக்குங்கள். அது இல்லையென்றால் மென்பொருளில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128-க்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடி. போகும்போதும் வரும்போதும் சேர்ந்து இன்னும் சற்றுக் கூடும், ஆனாலும் பாடலாம். படபடவென்று உடைந்தால் 256.

நீண்ட கார்வை நடுவில் தேய்ந்து மறைகிறதா? மைக் மேல் பழி போடாதீர்கள். கணினியின் இரைச்சல் நீக்கி, அசையாமல் நிற்கும் ஸ்வரத்தை ஃபேன் சத்தம் என்று எண்ணித் தின்றுவிடுகிறது. விண்டோஸில் ஒலி மேம்பாடுகளை அணையுங்கள். ஜூம் வகுப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்குங்கள்.

கண்டென்சரில் திடீரென்று 'பட் பட்' என்று பொரிந்தால் ஈரப்பதம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சகஜம். மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெயிலில் காயவைக்கும் வேலை வேண்டாம்.

மைக் வந்த அன்றே

திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபேனை நிறுத்துங்கள். அமைதி 30 விநாடி, முன்பக்கம் ஒரு வரி, பின்பக்கம் அதே வரி, ஒரு சாணில் ஒரு பல்லவி, கேபிளை மெதுவாக ஆட்டியபடி பத்து விநாடி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்டால் கார்டியாய்டு என்று எழுதியிருப்பது பொய். கேபிளை ஆட்டும்போது கரகரத்தால் முதலில் வேறு கேபிளில் பாருங்கள், அப்போதும் கரகரத்தால் மைக்கைத் திருப்பி அனுப்புங்கள். பல்லவியை, முதல் நாள் போனில் பதிந்த பல்லவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவு ஒலிக்கு இறக்கிக் கேளுங்கள். உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். சம அளவில் வைத்த பிறகும் புதிய பதிவில் வித்தியாசம் தெரியாவிட்டால், பெட்டியை மூடும் முன் இன்னொரு மெத்தையை முதுகுக்குப் பின்னால் சாத்தி ஒரு தடவை பாடிப் பாருங்கள்.